இருக்கும்போது பாடாத வாய்

தமிழ்ப் பத்திரிகைகளில் அச்சாகும் செய்யுட்களைக் கணக்கெடுக்கப் புகுவோமானால், காதற் பாட்டும் நாட்டுப் பாட்டும் இயற்கைப் பாட்டும் ஒருபுறமிருக்க, கறுப்புக் கரையிட்ட கட்டங்களுக்குள் இறந்தோர் படத்தின் அடியில் வெளிவரும் இரங்கற்பாக்கள் நம் கண்முன் வந்து நிற்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருள், தம் வாழ்நாளில் ஒரு செய்யுள் நூலையேனும் விலைகொடுத்து வாங்கியறியாதவர்கூட, தாய்க்கோ தந்தைக்கோ ஆண்டு நினைவு நாள் வருங்கால் நான்கடிப் பாட்டொன்றுக்குப் பணம் கட்டுகின்றனர். ஆகவே நம் மக்கள் கைப்பொருள் செலவிட்டு வாங்கும் செய்யுள் இதுவென்றே கொள்ளலாம். மக்கள் வாங்கும் பண்டத்தின் தரத்தை ஆராய்வது திறனாய்வாளர் கடமை. துக்க வீட்டில் குற்றங் காணலாகாது என்னும் மரியாதையினால் இவ்வகைப் பாட்டுக்களை நாம் ஆராயாது விட்டுவிடுகின்றோம். அம்மரியாதை அழுவோர்க்கு உரியது. அவர் வாங்கிய செய்யுளுக்கு உரியதன்று.

இப்பாட்டுக்களில் எதை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்க. இறந்தவர் குலவிளக்கு, குன்றின்மேலிட்ட தீபம், பாசக் கடல், பண்பின் சிகரம். தாயாயின் பத்து மாதம் சுமந்தவர்; தந்தையாயின் தோளில் தூக்கியவர்; மனைவியாயின் மங்கல மனையின் ஒளி. பெயரை மட்டும் அழித்துவிட்டு அடுத்த கட்டத்திலுள்ள பெயரை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தால், பொருள் சிறிதும் கெடாது. அசை கூடினால் தளையும் தட்டாது. ஓர் அச்சகத்தில், ஆண்பாலுக்கு ஒன்றும் பெண்பாலுக்கு ஒன்றுமாக இத்தகைய பாட்டுக்களை ஆயத்தமாய் வைத்துக்கொண்டு, வருவோரிடம் எண்ணைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் செய்வதை நாமே கண்டோம். பாட்டு மூன்றாம் எண், படம் பாஸ்போர்ட் அளவு, விலை இவ்வளவு.

இவற்றை எழுதுவோர்க்குக் கவித்துவம் போதாதென்று சொல்லி இவ்விஷயத்தை முடித்துவிடலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நமது அபிப்பிராயம் வேறு. இப்பாட்டின் குற்றமும், இருக்கும்போது வாய்திறந்து ஒருவரைப் பாராட்டாத நம் நடத்தையின் குற்றமும் ஒன்றே. உயிரோடிருந்த காலத்தில் அவரைக் கண்ணெடுத்துப் பார்த்து, இன்னது செய்தாய், இது நன்றாயிருந்தது என்று ஒருநாளும் சொல்லிப் பழகாதவன், இறந்தபின் பாட உட்காருங்கால் அவனிடம் பாடுபொருளே இருப்பதில்லை. சரக்கில்லாத கடையில் பெயர்ப் பலகை பெரிதாக இருப்பதுபோல, செய்தியில்லாத பாட்டில் அடைமொழி பெருகிவிடுகின்றது.

இக்கருத்தைச் சாமானியப் பாட்டுக்களைக் கொண்டே நிறுவுதல் நியாயமாகாது. ஆதலின் பெரும்புலவர் பாட்டுக்களை எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் நமக்கு அறிமுகமான இரங்கற்பாக்களுள் நம் மனத்தில் ஆழப் பதிந்தவை தாமஸ் ஹார்டி தம் மனைவி எம்மா அம்மையார் மறைந்தபின் பாடியவை. ஹார்டியின் வரலாறு வருமாறு. அவர் கட்டடக் கலைஞராயிருந்த இளமையில், 1870ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கார்ன்வால் கடற்கரைப் பகுதியிலுள்ள செயிண்ட் ஜூலியட் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலையாகச் சென்றார். அங்கே எம்மாவைக் கண்டார். 1874இல் மணம் நடந்தது. ஹார்டி நாவலாசிரியராகப் பெரும்புகழ் பெற்றார். புகழ் வளர வளர இல்லறம் வற்றிற்று. கடைசிக் காலத்தில் இருவரும் ஒரே வீட்டில் வெவ்வேறாக வாழ்ந்தனர். அம்மையார் மேல்மாடத்துச் சிறு அறைகளில் ஒதுங்கியிருந்தார். 1912 நவம்பர் 27ஆம் நாள் அவர் இறந்தார். அதன்பிறகுதான் ஹார்டியின் வாய் திறந்தது. அடுத்த மார்ச்சில், எழுபத்திரண்டு வயதுக் கிழவராக, தாம் காதலித்த கார்ன்வால் கரைக்கு மீண்டும் சென்று, சென்ற இடமெல்லாம் பாடினார். அப்பாட்டுக்கள் 1914இல் வெளியான அவர் செய்யுள் நூலில் ஒரு தனித்தொகுதியாக இடம்பெற்றன. ஆங்கில மொழியிலுள்ள மிகச் சிறந்த இரங்கற்பாக்களுள் அவை எண்ணப்படுகின்றன. அப்பெருமை தகுதியானதே.

ஆயினும் அத்தொகுதியை மீண்டும் மீண்டும் படித்துவந்ததில் ஒன்று நமக்குப் புலனாயிற்று. அப்பாட்டுக்களில் எங்கெங்கே நிறமும் உருவமும் உயிரும் உள்ளனவோ, அங்கெல்லாம் காலம் 1870. வான்நீல உடையணிந்து தம் வரவை எதிர்நோக்கி நின்ற பெண். காற்றில் கூந்தல் பறக்கக் கடற்குன்றின்மேல் குதிரையேறிச் சென்ற பெண். மலைச் சரிவில் வண்டியின் பாரம் குறைய இறங்கித் தம்மோடு நடந்த பெண். இவையனைத்தும் நாற்பதாண்டுகட்கு முற்பட்ட காட்சிகள். கடைசி ஆண்டுகளைப் பற்றிப் பாடும்போதோ, அம்மையார் எதை உடுத்தினார், என்ன பேசினார், எதைக் கண்டு நகைத்தார் என்பவை வாரா. அங்கே வருவது ஹார்டி தாம் உடன் இல்லாமைதான். ஒரு பாட்டில், குன்றின்மேலுள்ள மரம்வரை தாம் தனியே உலாவச் சென்றதையும், அவர் உடல் நலிந்து வர இயலாதிருந்ததையும், அவரைப் பின்னே விட்டுச் செல்கின்றோம் என்னும் எண்ணமே தமக்கு எழாமற் போனதையும் சொல்லுகின்றார். இன்றும் அவ்வாறே தனியே போய்வருகின்றேன், திரும்பி வருங்கால் அறையின் தோற்றம் மட்டும் வேறாயிருக்கின்றது என்று முடிக்கின்றார். மற்றொரு பாட்டில், அம்மையார் கடைசியாக வண்டியேறிச் சென்ற மாலையைப் பாடுகின்றார். எட்டு நாளில் தாம் கிடக்கப்போகும் இடத்தின் ஓரமாகவே அவர் வண்டி சென்றது. நான் உடன் செல்லவில்லை என்கின்றார். மற்றுமொரு பாட்டில், கடைசிக் காலத்தில் நாம் ஏன் பேசிக்கொள்ளவில்லை, பழைய நாட்களை ஏன் நினைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கின்றார். கேள்வி யாரை நோக்கி எழுந்ததோ அவர் காது இல்லை.

ஆகவே இப்பாட்டுக்கள் ஒரு கணக்குப் புத்தகம்போல் உள்ளன. பார்த்த காலத்துக்கு வரவு உண்டு. பாராத காலத்துக்கு வெற்றுக் கட்டங்கள். ஹார்டி மெய்யான கவிஞராதலின் அவ்வெற்றுக் கட்டங்களை அடைமொழியால் நிரப்பாது வெறுமையாகவே விட்டுக் காட்டினார். அதுவே அவர் பெருமை. வண்டிப் பாட்டில் அவர் ஒரு கொடிய காரியமும் செய்கின்றார். இறக்கப்போகும் அம்மையாரின் முகத்தில் எழுதியிருந்ததாக அவர் படித்துக் காட்டும் வாசகம் இது: என் கல்லறைக்கு நீர் எத்தனை முறை வந்தாலும் எனக்குத் தெரியாது, நீர் பழித்தாலும் கவலையில்லை, உம்முடைய புகழ்ச்சியும் இனி எனக்கு வேண்டுவதில்லை. தாம் பாடிக்கொண்டிருக்கும் பாட்டே பயனற்றதென்று பாடுபவரே பாட்டுக்குள் எழுதிவைத்துவிட்டார். இதனினும் நேர்மையான இரங்கற்பாவை நாம் படித்ததில்லை. இதனினும் பிந்திய பாராட்டையும் படித்ததில்லை.

இனி, நம் தமிழுக்கு வருவோம். மேற்சொன்ன நினைவஞ்சலிப் பாட்டுக்களில் தாயைக் குறித்தவை பெரும்பாலும் பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாட்டுக்களின் பேரப்பிள்ளைகள். துறவு பூண்டு வெளியேறிய மகன், தாய் இறந்தாரென்று வந்து, ஈமத்தருகில் நின்று பாடியனவாகச் சொல்லப்படுபவை அவை. அவற்றின் ஆற்றலை மறுப்பார் யார்? சுமந்த மாதங்கள், பாலூட்டிய மார்பு, தன்னைக் கிடத்திய தொட்டிலும் தோளும், இன்று அவ்வாயில் இடவேண்டிய அரிசி, மூட்டவேண்டிய தீ என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்போது, துறவியைக் காட்டிலும் மகனே நம் கண்முன் நிற்கின்றான். ஆனால் ஹார்டியிடம் கண்டதை இங்கேயும் காண்கின்றோம். பாட்டிலுள்ள செய்திகளெல்லாம் குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடுகின்றன. அத்தாய் நரைத்த பிறகு எவ்வாறிருந்தார், மகன் போனபின் எதைக்கொண்டு மனத்தை ஆற்றினார் என்பது பாட்டில் இல்லை. மகன் அங்கே இல்லையாதலின். ஒருவர் காதற் பருவத்தோடு நின்றார். மற்றவர் தொட்டிற் பருவத்தோடு நின்றார். எங்கே உடனிருத்தல் நின்றதோ அங்கே பாட்டின் செய்தியும் நின்றது.

பட்டினத்தாரைப் பழிப்பதாக எவரும் கொள்ளற்க. அவர் துறவி, இல்லாமை அவர் வாழ்க்கையின் உண்மை. நாமோ துறவிகள் அல்லோம். தாயோடு ஒரே கூரையின்கீழ் நாற்பதாண்டு உண்டு உறங்கியவன், அவர் இறந்தபின் பத்து மாதக் கணக்கை மட்டும் எடுத்துப் பாடுவானாயின், எஞ்சிய ஆண்டுகளில் அவன் எங்கே போயிருந்தான் என்று கேட்கவேண்டியிருக்கின்றது. பத்து மாதம் சுமத்தல் எல்லாத் தாயர்க்கும் பொது. இந்தத் தாய் யார் என்பதற்கு அது விடையாகாது. பெண்ணை வயிறு ஒன்றாகவே கண்டு போற்றுவதில் வேறு குற்றமும் உண்டு. அது தனியே எழுதத்தக்கது.

நமது பிழைப்பு தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதுவது. எழுத்தறிந்தவர் என்னும் ஒரே காரணத்தால், பாட்டும் எழுதவல்லார் என்று கருதி, துக்கம் நேர்ந்த வீட்டார் நம்மிடம் வருவதுண்டு. அவ்வாறு ஒருமுறை மூன்று சகோதரர்கள் வந்தனர். அவர் தாயார் பால்மரம் இருந்த நாளில் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக நெடுங்காலம் வேலை பார்த்தவர். அம்மாவைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்றோம். எங்களுக்காக உழைத்தார் என்றார் மூத்தவர். பாசமானவர் என்றார் இளையவர். அவருக்குப் பிடித்த உணவு யாது, பிள்ளைகளைத் தூங்கவைக்க என்ன பாட்டுப் பாடுவார், யாரோடு சிரித்துப் பேசுவார் என்று கேட்டோம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கெட்ட பிள்ளைகள் அல்லர். மருத்துவச் செலவில் குறைவைத்தவரும் அல்லர். கேட்டதற்கு விடை தெரியவில்லை, அவ்வளவே.

அவ்வேளையில் காரியாலய வாயிலில் வேறொரு காரியமாக நின்றிருந்த ஒரு பெண்மணி தாமாகவே பேசினார். சிறுபிள்ளையாக அக்கொட்டகையில் வளர்ந்தவர் அவர். விடியற்காலையில் தாய் வெட்டுக்குப் போனவுடன் பிள்ளைகள் அழுமாம். அந்த ஆயா அழுகின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மரங்களின் பக்கம் திருப்பி, "அதோ, அந்த நிரையில் உன் அம்மா" என்று காட்டுவாராம். அங்கே இருட்டும் மரமும் அன்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு அழுகையை நிறுத்திவிடுமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு நிரையைக் காட்டுவாராம்; எந்தத் தாய் எந்த நிரையில் நிற்பார் என்பது அவருக்குச் சரியாகத் தெரியுமாம்.

இதைக் கேட்டவுடன், பாட்டு கிடைத்துவிட்டதென்று நாம் எண்ணினோம். மைந்தர்கள் வழக்கமான பாட்டே போதுமென்றனர். பத்து மாதமும் குலவிளக்குமே அச்சாயின. அந்தப் பெண்மணியை நோக்கி, இதை ஆயாவிடம் எப்போதேனும் சொன்னதுண்டா என்று வினவினோம். இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா என்று அவர் சிரித்தார்.

சொல்லலாகாதென்பது நம் பழக்கம். புகழ்ந்தால் கண்பட்டுவிடும், மனைவியைப் பாராட்டினால் அவள் தலைமேல் ஏறிவிடுவாள், தாய்க்கு நன்றி சொல்வது அந்நியர்க்குச் சொல்வதுபோலாகும் என்று பல நியாயங்கள் சொல்லப்படுகின்றன. முதலிரண்டும் மூடத்தனம் என்று தள்ளத்தக்கன. மூன்றாவதில் ஓரளவு உண்மையுண்டு. ஆங்கிலப் பள்ளியில் நிமிஷத்துக்கு ஒருமுறை நன்றி நன்றியென்று கிளிப்பிள்ளைபோற் சொல்லப் பழகினோம். அச்சொல் அங்கே கதவைத் திறந்துவிட்டவனுக்கும் உரியது, உயிரைக் காத்தவனுக்கும் உரியது. அதனைக் கொண்டுவந்து நம் அடுக்களையில் வைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதனால் வாய்மூடியிருத்தலே தமிழ் மரபு என்று சொல்வாருண்டேல், அவர் தமிழ் நூல்களைத் திறந்து பார்த்தவரல்லர்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியலில், தலைவன் பேசுதற்குரிய இடங்களைத் தொகுக்குங்கால், மனைவி உணவு படைக்கும் வேளையும் ஒன்றாகக் கூறப்படுகின்றது. நின் கை தொட்டதாயின் எதுவும் எனக்கு அமுதமாய் இருக்கின்றதே, இதற்குக் காரணம் யாதென்று சொல் என அவன் அவளைக் கேட்பானாம். இலக்கணம் வகுத்தவர் சோற்றுத் தட்டின் எதிரே கணவன் என்ன பேசவேண்டும் என்பதையும் வகுத்துவைத்தார். இன்று அத்தட்டின் எதிரே நாம் உப்புக் குறைந்தால்தான் வாய்திறக்கின்றோம்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. 1937இல் உ. வே. சாமிநாதையர் உரையோடு வெளியிட்ட பதிப்பில் அதனை யாவரும் படிக்கலாம். மணம் முடித்துப் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் ஒருத்தி கணவனுக்குப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கட்டித் தயிரைக் கையாற் பிசைகின்றாள். நழுவிய ஆடையை அக்கையைக் கழுவாமலே சரிசெய்துகொள்கின்றாள். தாளிக்கும் புகை கண்ணிற் புகுகின்றது. தானே துழாவிச் சமைத்துவிடுகின்றாள். கணவன் உண்டு, நன்றாயிருக்கின்றதென்று ஒரே ஒரு சொல் சொல்லுகின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. பாட்டு முடிந்தது. கூடலூர் கிழார் என்னும் புலவர் அச்சொல்லை வைப்பதற்கு முன் தயிரையும் விரலையும் துணியையும் புகையையும் வரிசையாக வைத்தார். அவ்வளவையும் கண்டவர்க்கே அந்த ஒரு சொல்லின் எடை தெரியும். கணவன் அவற்றைக் கண்டானோ இல்லையோ, சொல்லவேண்டிய நேரத்தில் சொன்னான். அம்முகமலர்ச்சியைக் கண்டுவந்து பெண்ணின் தாயிடம் செவிலி சொல்லுவதாகப் பாட்டு அமைந்திருக்கின்றது. மகள் நலமாயிருக்கின்றாள் என்பதற்குச் செவிலி காட்டும் சான்று பொன்னுமன்று, மாளிகையுமன்று, அந்த ஒரு சொல்லும் அதற்கு அவள் முகம் காட்டிய விடையுமே.

புறநானூற்றில் பிசிராந்தையார், ஆண்டு பலவாகியும் நரையில்லாமை எவ்வாறென்று கேட்டவர்க்கு விடை கூறும் பாட்டு 191ஆம் எண்ணுடையது. விடையில் மாட்சிமைப்பட்ட மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும் முதலிலேயே வருகின்றனர். ஏவலாளரும் அரசனும் ஊர்ச் சான்றோரும் பின்னரே. இருக்கின்ற மனைவியை இருக்கும்போதே பாராட்டிய பாட்டு என்று இதனைப் போற்றுகின்றோம். ஆனால் புலவர் இதைப் பிறர்க்குத்தானே சொன்னார்? வீட்டுக்குப் போய் அவ்வம்மையாரிடமும் சொன்னாரா என்பதற்குப் பாட்டில் சான்றில்லை. சொல்லியிருப்பார் என்று நம்புவோம்.

பாராட்டும் இரங்கலும் ஒரே வாயிலிருந்து வந்ததற்கு நம்மிடமுள்ள தலைசிறந்த சான்று ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சி, அடைதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் பயனையும் சொல்லாது, அவருக்கு அளித்தான். ஔவையார் அதை வாங்கிக்கொண்டு, அவன் இறக்கும்வரை காத்திருந்து பாடவில்லை. இறவாது நிலைபெறுவாயாக என்று அப்போதே பாடினார். அது 91ஆம் பாட்டு. அவனைச் சூழ்ந்த பாட்டுக்கள் இன்னும் பல உள. பிறகு அவன் மார்பில் வேல் பாய்ந்து இறந்தான். அப்போது அவர் பாடிய 235ஆம் பாட்டைப் பாருங்கள். குலவிளக்கு இல்லை, சிகரம் இல்லை. சிறிது கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் உடனிருந்து உண்பான். சோறு சிறிதாயினும் பலரோடு உண்பான். எலும்பும் ஊனும் உள்ள இடத்தில் எங்களை நிறுத்துவான், அம்பும் வேலும் உள்ள இடத்தில் தான் நிற்பான். நறுமணம் கமழும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இவ்வளவும் செய்திகள். வேறெந்த அரசன் பெயரையும் இப்பாட்டில் மாற்றிவைக்க முடியாது. நாறும் தலையைத் தடவிய கை அவன் ஒருவன் கை.

ஹார்டியிடமும் பட்டினத்தார் பாட்டிலும் கண்ட இடைவெளி இங்கே இல்லை. ஔவையார் கடைசிவரை உடனிருந்தார், பார்த்தார், பார்த்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகினார். சொல்லுவதற்காகப் பார்க்கவேண்டியிருந்தது. பாராட்டு என்பது நாவின் வேலையாகுமுன் கண்ணின் வேலை.

இருப்போரைப் புகழ்வது முகஸ்துதியாகிவிடாதா என்று சீர்திருத்தக் கொள்கையுடைய தோழர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான ஐயமே. ஜமீன்தார்மீதும் மிராசுதார்மீதும் பாடிக் குவித்த பிரபந்தங்களால் தமிழ் பட்ட பாடு நாம் அறியாததன்று. ஆனால் அப்பிரபந்தங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றின் குற்றமும் நினைவஞ்சலிப் பாட்டின் குற்றமே என்பது விளங்கும். கொடையில் கர்ணன், அழகில் மன்மதன், அறிவில் பிரகஸ்பதி. ஒரு ஜமீன்தாரை நீக்கி மற்றொருவரை வைத்தாலும் பாட்டு அசையாது நிற்கும். இருப்பவனுக்குப் பாடிய பொய்யும் இறந்தவனுக்குப் பாடிய பொய்யும் ஓரச்சிலிருந்து வந்தவை. ஸ்துதி பொதுவானதைச் சொல்லும். பாராட்டு இவர் இன்ன நாளில் இன்னது செய்தார் என்று சொல்லும். கூலிக்குப் பாடுபவனுக்கு இரண்டாவது கைவராது, அவன் பார்த்திருக்கமாட்டான்.

பொதுவாழ்வில் இக்குற்றத்தை நாம் எளிதில் உணர்ந்துகொள்கின்றோம். பாரதியார் 1920இல் தம் நூல்களையெல்லாம் நாற்பது பிரிவாக அச்சிட எண்ணி நண்பர்களிடம் பொருளுதவி வேண்டினார், காரியம் நடைபெறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது உடன் சென்றவர் மிகச் சிலரே. 1947இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. கேட்டது அச்சுக் கூலி, கிடைத்தது மண்டபம். இந்தப் பாடம் வீண்போகவில்லை என்பதற்கு, 1946 ஜூலையில் பாரதிதாசனாருக்கு 25,000 ரூபாய் நிதி திரட்டி, அவர் கண்காண, அறிஞர் அண்ணாதுரை கையால் வழங்கப்பட்டதைச் சொல்லவேண்டும். ஒரு கவிஞர் தம் பாராட்டு விழாவில் தாமே உட்கார்ந்திருந்தார். புலவர் விஷயத்தில் இவ்வளவு தெளிவு வந்துவிட்டது. மேடையும் மாலையும் இல்லாத வீட்டு மனிதர் விஷயத்தில் வரவில்லை.

வீட்டு மனிதர் விஷயத்தில் நாம் கண்ட நல்ல எழுத்து ஒன்றே ஒன்று. அது செய்யுளன்று, அச்சேறியதுமன்று. வேலையினின்று ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், சுங்கைப்பட்டாணியிலுள்ள தம் தமக்கையார்க்குக் கடிதம் ஒன்று எழுதித் தருமாறு கேட்டு வந்தார். தொலைபேசி இருக்கின்றதே என்றோம். அதில் இதைச் சொல்ல நா எழவில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். நான்கு வாக்கியமே வந்தது. நான் பட்டணத்துப் பள்ளிக்குப் போன வருஷம், குளிக்கும்போது தோடு ஆற்றில் விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாய். அதற்காக அப்பா உன்னை அடித்தார். நீ அடகுக் கடைப் பக்கமிருந்து வந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், நீ அதை விற்றுத்தான் எனக்குச் சட்டை வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும் அக்கா.

இதில் ஓர் அடைமொழியும் இல்லை. ஔவையார் பாட்டின் பக்கத்தில் வைக்க நாம் கூசமாட்டோம். தோடும் ஆறும் பஸ்ஸும் சட்டையும் வேறெவர் தமக்கையார்க்கும் பொருந்தா. ஈமத்தருகில் நின்று பாடப்பட்டிருந்தால் கேட்டவர் கண்ணீர் விட்டிருப்பர். ஆனால் இறந்தோர்மீது பாடிய பாட்டை இறந்தோர் திருத்த வாரார். அதனால்தான் அங்கே எதையும் துணிந்து எழுதிவிடுகின்றோம். இருப்பவரைக் குறித்து எழுதினால் விடை வரும். பத்து நாளில் வந்தது. முதியவர்க்குக் கண் சரியாகத் தெரியாதாகையால் நாமே படித்துக் காட்டினோம். தமக்கையார் யாரைக்கொண்டோ எழுதுவித்திருந்தார். தோட்டை விற்கவில்லை, அடகுதான் வைத்தேன், மீட்க முடியாமல் மூழ்கிப்போயிற்று. அப்பா அடிக்கவில்லை, ஏசினார், அவ்வளவுதான், அடித்தார் என்று எழுதி அவர் பெயரைக் கெடுக்காதே. பஸ்ஸில் நீ பார்த்தது எனக்குத் தெரியாது. இன்னொரு கடிதம் போடு. இந்தத் தடவை கிராணியாரைக் கொஞ்சம் பெரிய எழுத்தாய் எழுதச் சொல், நானே படித்துக்கொள்கிறேன்.